ஒரே வண்டியின் ஜோடி

"இத்தன நாளா இந்தப் பிரேக்க நம்பியாங்க ஊட்டுக்காரர மலையெறக்குனீங்க?"

கேட்டவர் கடைக்காரர் இல்லை. தேன்மொழியைப் போலவே பழைய சாமான் பார்க்க வந்தவர். மலைமேல் வாழவந்தி நாட்டுக்காரர், பெயர் சாமியப்பன். அவள் துணிப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பிரேக் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய ஜீப்பில் தேய்ந்து தகடாகிப் போன ஷூ அது.

"வேற வழி இல்லீங்க," என்றாள் தேன்மொழி. "அவருக்குக் கிட்னி போயிருச்சு. வாரத்துக்கு ரெண்டு தரம் ரத்தம் சுத்தம் பண்ண நாமக்கல் கூட்டிட்டுப் போகோணும். பஸ்ஸுல வந்தா வளைவுக்கு வளைவு வாந்தி. நேத்து எறங்கறப்ப மிதிக்கிறேன், கால் சேத்துல போற மாதிரி உள்ள போகுது. அவரு என் தோளப் புடிச்சு, 'நீ மட்டும் குதிச்சுரு கண்ணு'ன்னாரு."

சாமியப்பன் ஷூவை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

செம்மேட்டு மெக்கானிக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முன்சக்கரத்தில் பழைய டிரம் பிரேக்கைத் தூக்கிவிட்டு, புது மாடல் ஜீப்பின் டிஸ்க் பிரேக்கைப் போடுவதானால்தான் வண்டியைத் தொடுவாராம். புதிது வாங்க வசதியில்லை. அதனால்தான் காரவள்ளி அடிவாரத்தில் இருக்கும் இந்தப் பழைய சாமான் கடைக்கு வந்திருந்தாள். வந்தால் இடுப்பளவு உயரத்துக்குக் குவியல். எது ஜீப்புடையது, எது காருடையது, ஒன்றும் விளங்கவில்லை.

"அவரு சாப்பிடப் போயிருக்காருங்க," என்றாள் கடைக்காரரின் மனைவி அனுராதா. "எனக்கு இரும்புன்னா இரும்பு. நீங்களே பொறுக்கிக்குங்க."

சாமியப்பன் குவியலின் முன் குந்தி உட்கார்ந்து ஒரு டிஸ்க் தட்டை எடுத்தார்.

"இது காரோடதுங்க. ஓட்டை நாலுதான் இருக்குது, நமக்கு அஞ்சு வேணும்." தள்ளி வைத்தார். அடுத்த தட்டை வெளிச்சத்தில் பிடித்தார். "நீலம் பாஞ்சிருக்குது பாருங்க. காலையே எடுக்காம மிதிச்சு எறக்கியிருக்கான். வெந்த இரும்பு, ஆகாது." இன்னொன்றை விரலால் சுண்டினார். மணிபோல் ஒலிக்க வேண்டியது மண்சட்டி மாதிரி மொத்தென்றது. "வெடிப்பு உட்டிருக்குது."

அவர் தள்ளியதையெல்லாம் தேன்மொழி ஓரமாக அடுக்கினாள்.

அடியிலிருந்து ஒரு டிஸ்கை இழுத்து வேட்டி நுனியால் துடைத்தவரின் கை பாதியில் நின்றது. பிறகு அதே இடத்தில் கையைவிட்டு இன்னொன்றையும், அதன்மேல் கவ்வும் இரண்டு காலிப்பர்களையும் எடுத்தார்.

"இது எப்ப வந்துதுங்க?"

"எவனோ பழைய இரும்புன்னு மூட்டையோட குடுத்துட்டுப் போனான். அவரு இல்லாத நேரம், நான்தான் வாங்கிக் கொட்டுனேன்."

சாமியப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தேன்மொழி அவருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

"இது என்ற ஜீப்புக்கு ஆகுங்களா?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த தேய்ந்த ஷூவைப் பார்த்தார்.

"மறுபடி எப்ப எறங்கோணும்?"

"நாளன்னைக்குங்க."

"ஆகும்," என்று இரண்டு டிஸ்கையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

பிறகு மளமளவென்று பேசினார். "ஜோடியப் பிரிச்சுறாதீங்க. ரெண்டும் ஒரே வண்டியில ஓடுனது. இது இடது, இது வலது. காலிப்பர மாத்திப் போட்டா காத்து எறக்கற நட்டு கீழ போயிரும், காத்து உள்ளயே நின்னுக்கும். இத ஓட்டுனவன் ரெண்டாவது கியருலதான் மலையெறங்குவான், பிரேக்க வதைக்க மாட்டான். பிரேக் பேடு ஆடியில மாத்துனது. இந்த ஒரு நட்டு மட்டும் வேற சைஸு. மரை போயி மாத்துனது. மெக்கானிக்குட்டச் சொல்லிருங்க."

தேன்மொழிக்கு மயிர்க்கால்கள் சிலிர்த்தன. இரும்பைப் பார்த்து ஓட்டியவனின் கியரைச் சொல்லலாம். மாதத்தைக்கூடவா சொல்ல முடியும்? கோயிலில் அருள் வந்தவர் முன்னால் நிற்பதுபோல, தன்னை அறியாமல் எழுந்து நின்றாள்.

"கையப் பாத்துக் குறி சொல்றவங்க உண்டு," என்றாள் அனுராதா. "பிரேக்கப் பாத்துச் சொல்றவர இப்பத்தான் பாக்கறேன். ஏனுங்க, எங்க ஊட்டுக்காரரு எப்பத் திருந்துவாருன்னு அதுல தெரியுதுங்களா?"

சாமியப்பன் லேசாகச் சிரித்தார்.

"நீங்க எந்தப் பட்டறைங்க?" என்று கேட்டாள் தேன்மொழி.

"பட்டறையெல்லாம் இல்லீங்க."

"என்ற சாமானப் பொறுக்கிக் குடுத்துட்டீங்க. நீங்க தேடி வந்தது?"

"அது இங்க இல்லீங்க."

ஒரு சாக்கை உதறி, நான்கையும் ஒன்றோடொன்று உரசாமல் அடுக்கி, வாயைச் சணலால் கட்டி அவளிடம் கொடுத்தார். "இவங்களுக்கு எடைக்கே போட்டுக் குடுங்க," என்று அனுராதாவிடம் சொல்லிவிட்டு, தேன்மொழி கையெடுத்துக் கும்பிடுவதற்குள் சாலையைப் பார்த்து நடந்துவிட்டார்.

அவள் கணக்கை முடித்து மூட்டையைத் தூக்கும்போது கடைக்காரர் தனசேகரன் வண்டியை நிறுத்தி இறங்கினார்.

"சாமியப்பன் போறாரு போலிருக்குது? கெடச்சுதாமா?"

"என்னங்க?" என்றாள் தேன்மொழி.

"பலாப்பழ லோடு ஓட்டற மனுசன். ஊட்டு வாசல்ல நின்ன ஜீப்புல முன்பிரேக்கு ரெண்டையும் எவனோ கழட்டி மூட்டை கட்டிட்டுப் போயிட்டான். வண்டி கல்லு மேல நிக்குது. பாவம், அதத்தான் கடை கடையாத் தேடிட்டுத் திரியறாரு."

தேன்மொழி மூட்டையோடு சாலைக்கு ஓடினாள். மலைக்குப் புறப்பட்ட பஸ்ஸின் படியில் கால் வைத்திருந்த சாமியப்பன் திரும்பி அவளைப் பார்த்தார். போய்வாருங்கள் என்பதுபோல் கையை அசைத்துவிட்டு உள்ளே ஏறிப் போனார்.