வேகத்தடை

பிற்பகல் இரண்டு மணி. சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே, வேகத்தடையின் முன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. போன வாரம்தான் ஆசீர் அழகுக்காகப் புது ஸ்பிரிங் போட்டு அதைத் தாழ்த்தியிருக்கிறான். இருவர் உட்கார்ந்தால் வேகத்தடையில் அடிப்பாகம் உரசும். மாதப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் இறங்கி ஏறிய அவன் மனைவி பெலிண்டா, அவன் சொல்லக் காத்திராமல் கதவைத் திறக்கிறாள். எட்டு மாத வயிற்றை ஒரு கையால் தாங்கி, மறு கையால் கதவைப் பற்றி எழுகிறாள். வெயிலில் அவள் முன்னே நடக்க, கார் பின்னால் சாய்வாக ஊர்ந்து ஏறி இறங்குகிறது. உரசவில்லை. ஆசீருக்கு நிம்மதி வருகிறது. உடனே மனம் கூசுகிறது. “தம்பி, வண்டிய நீங்க இடுப்புல தூக்கிக்கிட்டு நடங்க. அந்தப் பொண்ணு உக்காந்து வரட்டும்” என்கிறாள் சாலையோரத்தில் பூ விற்கும் ஒரு பூக்காரி. சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆசீர் இறங்கி ஓடிக் கதவைப் பிடிக்கிறான். பெலிண்டா மூச்சு வாங்கியபடி உள்ளே ஏறக் குனிகிறாள்.

“வலி வந்தாலும் இப்படித்தான் எறங்கி ஏறணுமாங்க?”