பதினோரு விநாடி அழுகை

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடிக் கதவு வழியே வெயில் தரையில் நீளமாக விழுகிறது. காத்திருக்கும் ஒருத்தியின் கைபேசியிலிருந்து அந்தக் குரல் மறுபடியும் வருகிறது: "அம்மா, கையை விட்டுடாதம்மா." இதே மருத்துவமனையில் பல் பிடுங்கி மயக்கம் தெளியாத நடுவயது மனிதர் ஒருவர் குழந்தையைப் போல அழும் பதினோரு விநாடிப் படம். ஊரே அதைப் போட்டுப் போட்டுச் சிரிக்கிறது. எடுத்தவள் மேசைக்குப் பின்னால் இருக்கும் இவள்தான். தங்கைக்கு மட்டும்தான் அனுப்பினாள். அதில் அப்படி என்ன இருக்கிறதென்று இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது அவளுக்கு இன்னும் புரியவில்லை. கதவு திறக்கிறது. அந்த மனிதரே முகக்கவசத்தோடு உள்ளே வருகிறார். கைபேசிக்காரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சத்தத்தைக் கூட்டுகிறாள். அவர் மேசைமேல் குனிகிறார். "நாலு நாளா வேலைக்குப் போகலம்மா. யார் எடுத்தாங்கன்னு தெரிஞ்சா போதும்." அவள் தெரியாது என்று தலையை ஆட்டுகிறாள். "எடுத்த ஆள் முகம் தெரியல. ஆனா கடைசியில ஒரு பொண்ணு சிரிக்குது. அந்தக் குரலை எங்க கேட்டாலும் கண்டுபிடிச்சிருவேன்." அவள் மருத்துவரின் அறையைக் கையால் காட்டுகிறாள். அவர் நகரவில்லை. "ஏம்மா, போன தடவை நல்லாப் பேசினியே. இன்னிக்கு ஏன் வாயே திறக்க மாட்டேங்கற?"