இரவல் போன கேக் மெசின்

இரவல் போய்த் திரும்பி வந்த கேக் மெசினைப் பார்த்ததுமே சந்திரிகாவுக்குச் சுருக்கென்றது.

மெசின் அவளுடையதுதான். கிண்ணமும் அவளுடையதுதான். வெறும் பாத்திரமாகத் தரக்கூடாதென்று எதிர்வீட்டுத் துளசி அதில் ஒரு பிடி சீனிகூடப் போட்டிருந்தாள். ஆனால் உள்ளே மாட்டி மாவு அடிக்கிற பீட்டர் மட்டும் வேறு. இவளுடையது வெள்ளைப் பூச்சு போட்டது. வந்திருப்பதோ எவர்சில்வர்.

ரவாங்கில் அந்தத் தாமான் குடியிருப்புக்கே கேக் என்றால் சந்திரிகாதான். பேக்டரி வேலை போனபிறகு அவள் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த மெசினால். நாளைக்கு ஒரு நிச்சயதார்த்தத்துக்கு பட்டர் கேக் போகவேண்டும்.

அவள் சாமான் வைத்துக்கொள்கிற சுத்தம் ஊரறிந்தது. தோட்டத்து லயத்தில் அம்மா சோத்துப்பானை விளக்கின மாதிரி, இரும்பு நார் போட்டுப் பரபரவென்று தேய்த்தால்தான் பீட்டர் கழுவின மாதிரி இருக்கும் அவளுக்கு. துளசி வீட்டுக் குசினியோ, ஈகூட யோசித்துத்தான் உட்காரும். அவளிடம் போய்க் கொடுத்தேனே என்று நொந்துகொண்டே எதிர்வீட்டு வாசலில் போய் நின்றாள்.

பழசு கீழே விழுந்து உடைந்துவிட்டது, அதனால்தான் புதுசு வாங்கி மாட்டினேன் என்றாள் துளசி.

"அது என்ன மண்சட்டியாடி, விழுந்தா உடையறதுக்கு? உடைஞ்சதையாவது குடு, பாக்கறேன்."

குப்பை லோரியில் போய்விட்டது என்றாள். இன்றைக்கு லோரி வருகிற நாளே இல்லை என்று சந்திரிகா பிடித்துக்கொண்டாள். இரவல் சாமானை மாற்றி வைக்கிற புத்தி எங்கே படித்தாய், நாலு பேரிடம் சொன்னால் இனி ஒரு கரண்டி கொடுப்பார்களா என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினாள்.

துளசி உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள்.

பீட்டர் முழுசாகத்தான் இருந்தது. ஓரமெல்லாம் பூச்சு உரிந்து சாம்பலாகத் தெரிந்தது. சந்திரிகா தடவினாள். வெள்ளைச் செதில் ஒன்று விரலோடு வந்தது.

"ஒரே நாள்ல இப்படியா ஆக்கி வச்சே?" குரலில் பழைய சூடு இல்லை.

"இரும்பு நார் பட்டா இந்தப் பூச்சு நிக்காதாம்கா, கடையில சொன்னாங்க."

"அப்படி என்னத்தடி அடிச்சே இதுல?"

துளசி அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு கேக்கே செய்யத் தெரியாதுலா. போன வாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளை பிறந்தநாள்ல உங்க கேக்கை வெட்டினது நான். மூணு துண்டுல இந்தச் செதில் கிடந்துச்சு. யாரும் பாக்கறதுக்குள்ள மூணையும் என் தட்டுல போட்டுக்கிட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான்கா மெசினை இரவல் கேட்டேன்."