கிழக்குச் சுவரில் ஒரு ஜன்னல்

“யாரக் கேட்டுடா செவுத்த ஒடச்ச?”

கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்த மூர்த்தியின் குரலில், ஷாமியானாவுக்குக் கீழே பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. ஹாலின் கிழக்குச் சுவரை உடைத்துப் புத்தம் புது ஜன்னல் ஒன்று வைத்திருந்தார்கள். சுற்றிலும் பூசிய சிமெண்ட் இன்னும் காயவில்லை.

பரிமாறிக்கொண்டிருந்த பஷீர் அஹமது கரண்டியோடு ஓடி வந்தான்.

“வாங்க சார். மொதல்ல உக்காருங்க.”

“உக்கார வரல. என் வீட்ட இடிக்க நீ யாருன்னு கேக்க வந்தன்.”

எதிர்வீட்டு அருள்ஜோசப் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்த படத்தைக் காலையில் பார்த்ததிலிருந்தே மூர்த்திக்கு ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது. பஷீர் குடும்பத்தோடு கேக் வெட்டும் படம். கேக்கின் மேல் ‘எங்க வீட்டில் பன்னிரண்டு வருஷம்’ என்று எழுதியிருந்தது. வாடகைக்கு வந்தவனுக்கு எங்கிருந்து வந்தது ‘எங்க வீடு’? மத்தூரிலிருந்து பஸ் மாறி ஓசூர் வந்து சேரும்வரை அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

பன்னிரண்டு வருஷம் ஒரே ஆளைக் குடிவைத்தால் வீடு கையை விட்டுப் போய்விடும் என்று டீக்கடையில் ஆளாளுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் இதய ஆபரேஷனுக்கு முன்னால் எல்லாவற்றையும் மகன் ராஜ்குமார் பேருக்கு எழுதிவிட்டதால், வாடகை வாங்குவது, வரி கட்டுவது எல்லாம் அவன் பொறுப்பு. போன வாரம்கூட, “அவங்களக் காலி பண்ணச் சொல்லுடா” என்றார். “அந்த வீட்டப் பத்தி இனிமே நீங்க கவலையே பட வேணாம்ப்பா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

“ஷிஃப்ட் முடிச்சு, அதுக்கு மேல ஓவர்டைம் பாத்துக் கட்டுனன் இந்த வீட்ட” என்று மூர்த்தி ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினார். “இந்தச் செவுத்துக்குத் தண்ணி ஊத்துனது நானு. நீ எவன்டா அதுல கை வெக்க?”

உள்ளேயிருந்து பஷீரின் மனைவி அதியா வந்தாள். பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறவள். இத்தனை வருஷத்தில் மூர்த்தியிடம் நிமிர்ந்து பேசியதில்லை.

“எதுக்குண்ணா சத்தம் போடறீங்க? பன்னெண்டு வருஷமா இந்த இருட்டு ஹால்ல பகல்லயே லைட்டப் போட்டுட்டுத்தான் தச்சன். ஒரே ஒரு ஜன்னல் வெச்சுக் குடுங்கன்னு எத்தன தடவ கேட்டன்? காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடிச்சதுக்கு எங்க மாமியா முன்னாடி என்ன பேச்சுப் பேசுனீங்க?”

“அதியா, நீ சும்மா இரு” என்றான் பஷீர்.

“புடிக்கலன்னா போக வேண்டியதுதான?” என்றார் மூர்த்தி. “உங்கள யாரு கட்டி வெச்சிருந்தா?”

“எங்க பேரச் சொன்னா இந்த ஊர்ல எத்தன பேரு வீடு குடுத்தாங்க? அது தெரிஞ்சுதான உங்களுக்கு அந்தப் பேச்சு வந்துச்சு.”

அது மூர்த்தியின் கோபத்தை இன்னும் கிளப்பிவிட்டது. வாசல் நெடுக மாட்டியிருந்த சீரியல் லைட்டை ஒரே இழுப்பில் பிய்த்துக் கீழே போட்டார்.

“இன்னிக்கே காலி பண்றீங்க. எல்லாரும் என் வீட்ட விட்டு வெளிய போங்க.”

அருள்ஜோசப் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். இன்னும் சிலர் எழுந்தார்கள். பஷீர் அவர்களைக் கையமர்த்திவிட்டு மூர்த்தியின் அருகில் வந்தான். குரல் தணிந்திருந்தது.

“சார், ராஜ்குமார் உங்ககிட்ட எதும் பேசலீங்களா? நானே மத்தூர் வந்து உங்கள விருந்துக்குக் கூப்பிடறன்னு சொன்னன். அவருதான், ‘அப்பாகிட்ட நானே பேசிக்கறன்’னாரு.”

“அவன் என்கிட்ட என்னத்தப் பேசறது? அவன் குடுக்கற எடத்துலதான் நீங்க இந்த ஆட்டம் ஆடறீங்க. இரு, அவன் வாயாலயே உங்கள வெரட்டறன்.”

மூர்த்தி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பஷீரின் முகம் மாறியது.

“சார், வேணாம். உள்ள போயித் தனியாப் பேசுங்க. ஸ்பீக்கர்ல போடாதீங்க.”

“ஏன், பயமா இருக்கா? இவ்வளவு பேரக் கூப்பிட்டு வெச்சு எங்க வீடுன்னு கேக் வெட்டுன இல்ல? இவ்வளவு பேருக்கும் கேக்கட்டும்.”

அதியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பஷீர் வேண்டாம் என்று தலையசைத்தான்.

ராஜ்குமார் போனை எடுத்தான். மூர்த்தி அதை எல்லோருக்கும் கேட்கும்படி உயர்த்திப் பிடித்தார்.

“டேய், ஓசூர் வீட்ல நிக்கறன். இவங்க செவுத்த ஒடச்சு ஜன்னல் வெச்சிருக்காங்க. கேட்டா என்னையே எதுத்துப் பேசறாங்க. இப்பவே வெளிய போகச் சொல்லு.”

மூர்த்தி போனை இன்னும் மேலே தூக்கினார்.

“சொல்றா. எல்லாரும் கேட்டுட்டு இருக்காங்க.”

“அப்பா, அந்த வீட்டப் போன மாசமே அவங்களுக்கு வித்துட்டன்... மொதல்ல நீங்க அவங்க வீட்ட விட்டு வெளிய வாங்க.”