ரெண்டு ஸ்பேஸ்

“ரெண்டு ஸ்பேஸ நம்பி ஒரு பாய்லர ஓட்டணுமா? நான் ஒத்துக்க மாட்டேன்,” என்றார் குணாளன்.

பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடி. செம்பனை ஆலைகளை இயக்கும் மென்பொருள் செய்கிற சின்னக் கம்பெனி. ஏர்கோனிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி வைத்துவிட்டு, மேசையைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒவ்வோர் ஆலைக்கும் ஒரு கோப்பு உண்டு. பாய்லரில் எவ்வளவு அழுத்தம் இருக்கலாம், அலாரம் எப்போது அடிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அதை இனி யாமல், டோமல் என்ற இரண்டு வடிவங்களில் எதில் எழுதுவது என்று ஐந்து மணிக்குள் முதலாளிக்குச் சொல்லியாக வேண்டும். சொல்ல வேண்டியவள் பிரிவுத் தலைவி பிரேமலா.

“யாமல் பார்க்கவே சுத்தமா இருக்கு லா,” என்றாள் புதிய பதிப்பை எழுதும் ஷர்மினி. “பிராக்கெட் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எது எதுக்குக் கீழ வருதுன்னு வரிக்கு முன்னால விடுற ஸ்பேஸே காட்டிடும்.”

“டோமல்ல ஒவ்வொரு பகுதிக்கும் பேரு எழுதியே ஆகணும். ஸ்பேஸ் கூடினாலும் குறைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. அதையே வச்சிக்கலாம்,” என்றார் குணாளன்.

பிரேமலாவுக்கு எரிச்சலாக வந்தது. இந்த ஒரு வாரத்தில் பத்தாவது முறையாக இதையே சொல்கிறார்.

“அண்ணே, போன மாசம் யாமலைச் சோதிச்சுப் பார்க்கறப்போ காஹாங் ஆலை அரை நாள் நின்னுச்சே. அது யாரு எழுதின கோப்பு?”

“நான் எழுதினது.”

“அழுத்தத்தோட வரிக்கு முன்னால ரெண்டு ஸ்பேஸ் இல்ல. பாய்லருக்கு அளவே குடுக்கலன்னு மெஷின் நின்னுபோச்சு. வாசல்ல பழ லோரி எல்லாம் வரிசையா நின்னுச்சு. ஷர்மினி ஒரு தடவை பார்த்தா, உடனே சொல்லிட்டா. பதினேழு வருசம் வேலை செஞ்சவரு நீங்க. கண்ணை எங்க வச்சிக்கிட்டு எழுதினீங்க?”

குணாளன் கழுத்தில் தொங்கிய இயர்போன் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

அந்த இயர்போனும் பிரேமலாவுக்குப் பிடிக்கவில்லை. ஆறு மாதமாக அவர் அதைக் கழற்றுவதே இல்லை. கூப்பிட வேண்டுமானால் தோளைத் தட்ட வேண்டும். காஹாங்குக்குப் போகச் சொன்னால் ஏதாவது சாக்குச் சொல்கிறார். நாள் பூராவும் பாட்டுக் கேட்டுக்கொண்டு சம்பளம் வாங்குகிற ஆளாகிவிட்டாரே என்று அவளுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

“எனக்கு நடந்தது நாளைக்கு வேற ஒருத்தருக்கும் நடக்கும்,” என்றார் குணாளன்.

“வேற யாருக்கும் நடக்கலையே அங்கிள்,” என்றாள் ஷர்மினி மெதுவாக.

குணாளன் பிரேமலா பக்கம் திரும்பினார். “யாமல்னு முடிவாச்சுன்னா என்னால இங்க வேலை செய்ய முடியாதும்மா. மக லோஷினிக்குப் படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. எனக்கு இந்த வேலை வேணும்.”

“மிரட்டுறீங்களா?”

“இல்ல. கெஞ்சுறேன்.”

வாளியில் தண்ணீர் சொட்டியது.

“காரணத்தைச் சொல்லுங்கண்ணே. நியாயமா இருந்தா நானே முதலாளிகிட்ட பேசுறேன்.”

அவர் வாயைத் திறந்தார். பிறகு வேறெதையோ கேட்டார். “போன வருசம் நம்மகூட வேலை செஞ்ச செபஸ்தியனுக்கு ஸ்ட்ரோக் வந்தப்போ நம்ம என்னா செஞ்சோம்?”

“கேக் வெட்டி, கார்டு குடுத்து வேலைய விட்டு அனுப்பி வச்சோம். அதுக்கும் இதுக்கும் என்னாண்ணே சம்பந்தம்?”

“ஒண்ணுமில்ல.”

நாலே முக்காலுக்குப் பிரேமலா மின்னஞ்சலை அனுப்பினாள். ஒன்பது ஆலைக்கும் இனி யாமல். ஒரே ஆளின் பிடிவாதத்துக்காக எல்லாரையும் காக்க வைக்க முடியுமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஐந்து மணிக்குக் குணாளன் ஒரு கடிதத்தை அவள் முன் வைத்தார். ராஜினாமா. முன்பே அடித்து வைத்திருக்கிறார் போலிருக்கிறது. கையெழுத்து அதற்குரிய கோட்டில் நிற்காமல், மேலே இருந்த எழுத்துகளின் மீது ஏறியிருந்தது. கோபத்தில் போட்டது என்று அவள் நினைத்தாள்.

“அண்ணே, இதுக்குப் போயி வேலையை விடுவாங்களா?”

“பரவால்லம்மா. உங்க மேல தப்பு இல்ல.”

அவர் படியிறங்கிப் போனார். ஷர்மினியும் கிளம்பிவிட்டாள்.

விளக்கை அணைக்கப் போன பிரேமலா, குணாளனின் கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். இயர்போன் அதிலேயே செருகியிருந்தது. அப்படி என்னதான் பாட்டுக் கேட்பார் இந்த மனிதர்? எடுத்துக் காதில் வைத்தாள். சத்தமே இல்லை.

திரையில் காஹாங் ஆலையின் கோப்பு. அவர் எழுதிய தப்பான வரி ஒரு பக்கம், ஷர்மினி திருத்திய வரி மறு பக்கம். கீபோர்டின் அம்புக்குறி மேல் அவள் விரல் பட்டது.

“ப்ரெஷர், ட்வென்டி ஒன்,” என்று தப்பான வரியைப் படித்தது ஒரு பெண் குரல்.

பார்வை இல்லாதவர்களுக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் குரல் அது.

பிரேமலா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். திருத்திய வரிக்குப் போனாள். அதன் முன்னால் இரண்டு ஸ்பேஸ் பளிச்சென்று தெரிந்தது.

“ப்ரெஷர், ட்வென்டி ஒன்,” என்றது குரல், எந்த வித்தியாசமும் இல்லாமல்.