ரீச்சர் வீட்டு ஐஸ்பழம்

வசந்தினி மகளின் கையிலிருந்த ஐஸ்பழத்தைப் பறித்து வேலிக்கு அங்காலை எறிந்தாள்.

கஜந்தினி வீரிட்டு அழுதாள். அஞ்சாம் வகுப்புப் பிள்ளை. உருகிப் போக முந்தி அம்மாவுக்கும் ஒரு கடி குடுப்பம் என்று வெயிலுக்குள்ளாலை ஒழுங்கை வழியே ஓடி வந்தது.

"உனக்கென்ன விசரே?"

மேசன் வேலையாலை அப்பதான் வந்த சிவகரன், சைக்கிளைச் சாத்தாமலே கத்தினான்.

வசந்தினி மகளின் பக்கம் திரும்பினாள். "படிக்கத்தானே விட்டனான்? அங்கை வாங்கித் தின்னச் சொன்னனானே? தண்ணிப் போத்தில் கட்டித் தந்தனானெல்லே?"

"அது முடிஞ்சு போச்சு அம்மா..." பிள்ளை விக்கியது.

"பத்மாவதி ரீச்சர் காசு வாங்காமல் சும்மா படிப்பிக்கிறா. அது காணாதெண்டு, தன்ரை மரத்துக் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைத் தன்ரை கையாலை பிசைஞ்சு, சீனி போட்டு, யோகட் கப்பிலை விட்டு, குச்சி குத்தி ஐஸாக்கிக் குடுக்கிறா. பெத்த தாய் நீ, ஒருநாள் செய்து குடுத்தனியே?"

"எங்கடை வீட்டிலை பிறிஜ் இருக்கே?"

"நல்லாக் கதைக்கிறாய்."

வசந்தினி குரலைத் தாழ்த்தினாள். "இஞ்சருங்கோ, அவை எங்கடை ஒழுங்கை ஆக்களைப் படலைக்குள்ளை விடாத ஆக்கள். எனக்கு மனம் ஏதோ செய்யுது. உந்த வகுப்பே வேண்டாம்."

"உன்ரை கொப்பர் அவையின்ரை முத்தத்திலை நிண்டு சிரட்டையிலை தேத்தண்ணி குடிச்ச காலமெல்லாம் போட்டுது! என்ரை பிள்ளை இண்டைக்கு அந்த வீட்டு விறாந்தையிலை, அவையின்ரை பிள்ளையளோடை ஒரே நீட்டு வாங்கிலை இருந்து படிக்குது. மாறாமல் கிடக்கிறது உன்ரை மனம்தான்."

அவன் சைக்கிளைத் திருப்பினான்.

"ஏறு பிள்ளை. அந்த மனிசிக்கு நான் இன்னும் ஒரு நன்றி சொல்லேல்லை. போய்ச் சொல்லிப்போட்டு, உனக்கு இன்னொண்டும் வாங்கித் தாறன்."

சைக்கிள் பாரில் ஏறியதும் கஜந்தினியின் அழுகை நின்றுவிட்டது.

"அப்பா, ரீச்சருக்கு எங்களிலைதான் கூட விருப்பம்."

"உண்மையாவோ?"

"ஓம். எங்கடை ஒழுங்கைப் பிள்ளையள் எல்லாரிலையும்."

"உதை வந்து கொம்மாட்டைச் சொல்லு." அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மிதித்தான்.

ரீச்சர் விறாந்தையில்தான் இருந்தா. "ஆர், சிவகரனே? வா மேனை. உன்ரை பெட்டை நல்ல கெட்டிக்காரி. இந்தமுறை புலமைப்பரிசில் எடுப்பாள், இருந்து பார்."

அவனுக்குக் கண் கலங்கிப் போச்சு. பிள்ளைகள் இருந்து படிக்கிற வாங்கின் நுனியில் இருந்தான். "எல்லாம் உங்களாலைதான் ரீச்சர். நீங்கள் இல்லாட்டி எங்கடை பிள்ளையளுக்கு ஆர் இருக்கினம்?" நன்றியைச் சொல்லி முடிக்க முன்னம் தொண்டை வறண்டது. பகல் முழுக்க வெயிலுக்கை நின்ற உடம்பு.

"ரீச்சர், ஒரு வாய் தண்ணி தாறியளே?"

அவனுக்குப் பக்கத்திலேயே தண்ணிப் பானை இருந்தது. அதன் மூடியில் தண்ணி குடிக்கிற பேணிகள் நாலைந்து கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

ரீச்சர் பானையைப் பார்த்தா. அவனைப் பார்த்தா. பிறகு சிரித்துக்கொண்டே எழும்பி உள்ளே போனா.

வரும்போது கையில் இரண்டு ஐஸ்பழம்.

"இந்த வெக்கைக்கு வெறும் தண்ணி ஏன் மேனை? இந்தாங்கோ, ரெண்டு பேரும் சாப்பிடுங்கோ. கப்பைத் திருப்பித் தரவேண்டாம், போற வழியிலை எறிஞ்சு விடுங்கோ."

சிவகரன் வாங்கினான். கை விறைத்தது. வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

கஜந்தினி அவன் காதுக்குள் பெருமையாகக் குசுகுசுத்தாள்.

"பாத்தியளே அப்பா! மற்றப் பிள்ளையள் தண்ணி கேட்டால், பாவம், பேணியிலை வெறும் தண்ணிதான் குடுப்பா. எங்கடை ஒழுங்கைக்கு மட்டும்தான் ஐஸ்பழம்!"