கால்வாய்க்கு ஒரு மனு

"செருப்பை வெளியிலயே விடுங்கக்கா, சேறெல்லாம் உள்ள வருது" என்றாள் மூன்றாம் வீட்டுப் பெண், கதவைப் பாதி மட்டும் திறந்து.

நாணல் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். சிமென்ட்டைப் பெயர்த்தெடுத்த மழைநீர்க் கால்வாயில், கரை நெடுக நாணல் நட்டு வளர்க்கும் நகராட்சி வேலை அவளுக்கு. மூன்று வருடமாகத் தெரு அவளை அப்படித்தான் கூப்பிடுகிறது. எல்லாம் வாடகை வீடுகள், ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்க ஒருவருக்கும் தோன்றியதில்லை.

மேசை மேல் மனு தயாராக இருந்தது. கால்வாயை மறுபடி சிமென்ட்டில் கட்டித் தரவேண்டும் என்று அறுபத்தொரு கையெழுத்து. ஐந்து மணிக்குள் ஆபீசில் கொடுத்துவிட்டால் நாளைக் கூட்டத்தில் முடிவாகிவிடும். நாணலுக்கு ஆதரவாக ஒரு கையெழுத்துக்கூட இல்லை. நாணல் அக்கா வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டாள். கடைசி வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் மட்டும் "யோசிச்சுச் சொல்றேன்" என்று மரியாதையாகக் கதவைச் சாத்தினார்.

"இதைக் கொடுக்காதீங்கம்மா. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

"ஏன், உங்க வேலை போயிடும்னா?"

"வேலை கிடக்கட்டும். சிமென்ட் போட்டா தண்ணி வெறி பிடிச்ச மாதிரி ஓடும்மா. நாணல் இருந்தாத்தான் தட்டுத் தடுமாறி மெதுவாப் போகும், மண்ணுக்குள்ள இறங்கும்."

"தண்ணி எங்க போனா எனக்கென்ன? எனக்குக் கொசு போகணும்."

அவள் உள்ளறையைக் காட்டினாள். கட்டிலில் மூன்று வயதுப் பிள்ளை நெற்றியில் ஈரத்துணியோடு சுருண்டு கிடந்தான்.

"இந்த வருஷத்துல ரெண்டாவது தடவை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்க்கா. அனலா கொதிக்கிற பிள்ளையை விடிய விடிய மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்களா நீங்க?"

நாணல் அக்கா கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மீன்குஞ்சு விட்டிருக்கோம், கொசுப்புழுவைத் தின்னுடும்" என்றாள் கடைசியில். "இன்னும் ஒரே ஒரு மழைக்காலம் பொறுத்துக்குங்க. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையா..."

"என் பிள்ளையோட காய்ச்சல் உங்களுக்கு மூட்டைப்பூச்சியா?"

நாணல் அக்கா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். நாள் முழுக்கச் செடிகளோடு பேசிப் பழகியவள். மனுஷர்களிடம் சாமர்த்தியமாகப் பேசப்போனால் இப்படித்தான் ஆகிறது. ஆனாலும் கிளம்பவில்லை. கிளம்பினால் மனுவும் கிளம்பிவிடும்.

"சிமென்ட்டா இருந்தப்ப ஒரு பையனைத் தண்ணி அடிச்சிட்டுப் போச்சும்மா. ஏழு வயசு. பந்து எடுக்க இறங்கினான். முழங்கால் அளவு தண்ணிதான்."

"நானும் கேள்விப்பட்டேன்." மூன்றாம் வீட்டுப் பெண்ணின் குரல் தணிந்தது, பிடிவாதம் தணியவில்லை. "பாவந்தான். ஆனா மழை நேரத்துல பிள்ளையைக் கால்வாய்ப் பக்கம் விட்டது யார் தப்பு? பெத்தவ எங்க போனா? அதுக்குச் சிமென்ட் என்ன பண்ணும்?"

நாணல் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். இனி ஒன்றும் நடக்கப் போவதில்லை என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

மூன்றாம் வீட்டுப் பெண்ணுக்கும் கொஞ்சம் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. மனுவுக்கு அடியிலிருந்து ஒரு நகலை உருவினாள்.

"நான் ஒண்ணும் புதுசாக் கேக்கலக்கா. எனக்கு மனு எழுதத் தெரியாதுன்னு ஆபீஸ்ல சொன்னேன். 'இது பாஸான மனு, இதைப் பாத்து எழுதுங்க'ன்னு கிளார்க் இந்தப் பழசை நகல் எடுத்துக் கொடுத்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே தெருவுல எழுதினது. இதை வச்சுத்தான் முதன்முதலா சிமென்ட்டே போட்டாங்களாம். 'என் இரண்டு வயது மகன் கொசுக்கடியால் காய்ச்சலில் கிடக்கிறான்'னு எழுதியிருக்காங்க, பாருங்க. என்னை மாதிரியே ஒரு அம்மா. முடிஞ்சா உங்க நியாயத்தை அவங்ககிட்டப் போய்ப் பேசிப் பாருங்களேன்!"

நாணல் அக்கா தாளை வாங்கவில்லை. அதன் அடியில் இருந்த முதல் கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"தினமும் பேசிக்கிட்டுத்தான்மா இருக்கேன்" என்றாள். "இது என் கையெழுத்து. அந்தக் காய்ச்சல்ல பொழைச்சு எழுந்த பிள்ளையைத்தான், அஞ்சு வருஷம் கழிச்சுத் தண்ணி கொண்டுபோச்சு."